பெயர் தெரிந்தவரிடம் மட்டும் கேளுங்கள்

“நெட் வருதுங்க சார், டேலிதான் ஓபன் ஆக மாட்டேங்குது.” கோவை, திருப்பூர் பக்கம் சின்ன கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் போனில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். போய்ப் பார்த்தால் கேபிள் சரியாக இருக்கும், சுவிட்சில் விளக்கு எரியும், சர்வரும் ஓடிக்கொண்டிருக்கும். சர்வரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் பதில் வராது. யாரோ அவசரத்தில் டிஎன்எஸ் செட்டிங்கைத் தொட்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் ஃபயர்வால் படிக்கிறார்கள், கிளவுட் படிக்கிறார்கள். டிஎன்எஸ் என்றால் இரண்டு கட்டங்களில் இரண்டு எண் போடுகிற வேலை என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த இரண்டு கட்டங்களில் தப்பு நடந்தால் சம்பளப் பட்டியல் நிற்கும், ஷிப்மென்ட் பேப்பர் நிற்கும். இருபது முப்பது சிஸ்டம், ஒன்றிரண்டு சர்வர், ஒரு ஃபயர்வால், இரண்டு இன்டர்நெட் லைன் உள்ள ஓர் அலுவலகத்தை மனதில் வைத்துக்கொண்டு, நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண். நமக்கு நினைவில் நிற்பது பெயர். இரண்டையும் சேர்க்கிற பட்டியல் ஒரு காலத்தில் ஒரே ஒரு ஃபைலாக இருந்தது. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. எங்கே புது மெஷின் வந்தாலும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற எல்லோரும் அதை இறக்கிக்கொள்ள வேண்டும். மெஷின்கள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவர் பொறுப்பு என்று வைத்தார். ‘டாட் இன்’ யாரிடம் இருக்கிறது என்று ரூட் சர்வருக்குத் தெரியும். உங்கள் கம்பெனிப் பெயர் யாரிடம் இருக்கிறது என்று ‘டாட் இன்’ சர்வருக்குத் தெரியும். உங்கள் மெயில் சர்வர் எங்கே என்று உங்கள் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியும்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பான இடம் ஒன்று உண்டு. அலுவலகத்துக்குள் இருக்கிற சர்வரின் பெயர் அலுவலக டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. நான் இனிச் சொல்வதில் பெரும்பகுதி இதிலிருந்து வருவதுதான்.

2. அலுவலக சிஸ்டங்கள் உள்ளே இருக்கிற டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சர்வரின் எண்ணை, 192.168.10.5 என்று வைத்துக்கொள்வோம், சரியாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருப்பதில்லை. 8.8.8.8 என்று போட்டுவிடுகிறார்கள். “சர்வர் போனாலும் நெட் வரட்டுமே” என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், விளைவுதான் கெட்டது.

முதல் டிஎன்எஸ்ஸுக்குப் பதில் தெரியாவிட்டால் சிஸ்டம் இரண்டாவதைக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. “அப்படி ஒரு பெயர் இல்லை” என்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதில் கிடைத்தால் சிஸ்டம் அதோடு நிறுத்திக்கொள்ளும். முதல் சர்வரிடமிருந்து பதிலே வராமல் நேரம் கடந்தால்தான் இரண்டாவதிடம் போகும். போனால் உடனே திரும்பி வராது, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடும்.

ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் இதை நேரில் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் மூன்று நான்கு சிஸ்டம் மட்டும் லாகின் ஆக இழுக்கும், ஷேர் ஃபோல்டர் வராது, பிரிண்டர் வராது. மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். எந்த சிஸ்டம் என்பதும் ஒவ்வொரு முறையும் மாறும். அதற்கு முன் போனவர்கள் சுவிட்சை மாற்றியிருந்தார்கள், இரண்டு லேன் கார்டு வாங்க வைத்திருந்தார்கள். நான் பிரச்சினையில் இருந்த ஒரு சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து, சர்வரின் பெயரை பிங் செய்தேன். பெயர் கிடைக்கவில்லை. எண்ணை பிங் செய்தேன். உடனே பதில் வந்தது. செட்டிங்கைத் திறந்தால் இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8. சர்வர் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆன அந்தச் சில நிமிஷத்தில் எந்த சிஸ்டம் ஆனாகி இருந்ததோ, அது கூகுளிடம் போய் “சர்வர் எங்கே?” என்று கேட்டிருக்கிறது. கூகுளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கட்டத்தை எல்லா சிஸ்டத்திலும் காலியாக்கினோம். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவே இல்லை.

ஆக்டிவ் டைரக்டரி இருக்கிற இடத்தில் இது இன்னும் கடுமை. விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரி முழுக்க டிஎன்எஸ்ஸின் மேல்தான் நிற்கிறது. ஒரு சிஸ்டம் லாகின் செய்யும்போது டொமைன் கண்ட்ரோலர் எது என்பதை எஸ்ஆர்வி ரெக்கார்டுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்கிறது. அந்த ரெக்கார்டுகள் உங்கள் சர்வரில் மட்டும்தான் இருக்கின்றன.

“அப்படியானால் சர்வர் படுத்துவிட்டால் நெட்டும் போய்விடுமே?” என்று முதலாளி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை, உள்ளேயே இரண்டாவது டொமைன் கண்ட்ரோலர் ஒன்று வைப்பது. சின்ன மெஷின் போதும். அதற்கு வசதி இல்லையென்றால், சர்வர் விழுகிற அன்றைக்கு மட்டும் டிஹெச்சிபியில் டிஎன்எஸ் எண்ணை மாற்றிக்கொடுக்கும் வழியை ஒரு தாளில் எழுதி ஃபயர்வால் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வருஷத்தில் ஒரு நாளுக்காக மற்ற நாள்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. சர்வரின் லேன் கார்டில் இன்டர்நெட் கம்பெனியின் டிஎன்எஸ்ஸைப் போடாதீர்கள்.

சர்வர் ஒன்றே என்றால் அதன் சொந்த எண்ணைப் போடுங்கள். இரண்டு டொமைன் கண்ட்ரோலர் என்றால் ஒவ்வொன்றிலும் முதலில் மற்றதன் எண், அடுத்து 127.0.0.1. வெளி எண்கள் இருக்க வேண்டிய இடம் டிஎன்எஸ் கன்சோலில் இருக்கிற ஃபார்வர்டர்ஸ் பக்கம். உள்ளே தெரியாத பெயரை சர்வர் அங்கே அனுப்பிக் கேட்டு, பதிலை வாங்கி, சிஸ்டத்துக்குக் கொடுக்கும். வரும் பதிலைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

ஃபார்வர்டர் இரண்டு போடுங்கள், வேறு வேறு நிறுவனத்துடையதாக. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9இன் 9.9.9.9 மூன்றும் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை. கெட்ட சைட்டுகளை வடிகட்டித் தருவதால் குவாட்9ஐ நான் சின்ன அலுவலகங்களுக்கு விரும்பிப் போடுகிறேன். இரண்டு இன்டர்நெட் லைன் இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு லைன் கம்பெனியின் டிஎன்எஸ்ஸை மட்டும் ஃபார்வர்டராக வைக்காதீர்கள். பல கம்பெனிகளின் டிஎன்எஸ் அவர்கள் லைனிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். லைன் மாறிய அன்றைக்கு எல்லாப் பெயரும் நின்றுவிடும்.

4. டிஹெச்சிபி ஒரே இடத்திலிருந்து போகட்டும்.

எல்லா சிஸ்டத்துக்கும் கையால் எண் போட வேண்டாம். டிஹெச்சிபியில் ஆப்ஷன் 6இல் டிஎன்எஸ் எண், ஆப்ஷன் 15இல் டொமைன் பெயர், ஆப்ஷன் 3இல் கேட்வே. இந்த மூன்றையும் சரியாகப் போட்டுவிட்டால் புது சிஸ்டம் எது வந்தாலும் தானாகச் சரியான இடத்தைக் கேட்கும்.

ஆனால் இன்டர்நெட் கம்பெனிக்காரர் கொண்டுவந்து மாட்டும் ரவுட்டரைக் கவனியுங்கள். அதுவும் டிஹெச்சிபி கொடுக்கும். இரண்டு பேர் எண் கொடுத்தால் யார் முந்துகிறாரோ அவர் சொல்வதைத்தான் சிஸ்டம் கேட்கும். வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள்.

இதைவிட மறைவான ஒன்று இருக்கிறது. எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஃபைபர் லைன் புதிதாகப் போட்ட மறுநாளிலிருந்து சர்வர் பெயர் சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. டிஹெச்சிபி சரி. இரண்டாவது கட்டம் காலி. ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் கொடுத்து வரி வரியாகப் படித்தேன். டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற இடத்தில் இரண்டு வரி. கீழ் வரியில் 192.168.10.5. மேல் வரியில் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட எண். அது ஐபிவி6 முகவரி, புது ரவுட்டருடையது. ரவுட்டர் டிஹெச்சிபிக்கு வெளியே, ஐபிவி6 அறிவிப்பு வழியாக “டிஎன்எஸ் நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிஸ்டங்களும் அதை நம்பின. ரவுட்டரில் அந்த அறிவிப்பை நிறுத்தியதும் சரியானது. இப்படி நடந்தால் விண்டோஸில் ஐபிவி6ஐயே முடக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் அதைப் பரிந்துரைப்பதில்லை. தப்பான அறிவிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

5. டொமைனுக்குப் பெயர் வைக்கும்போது பத்து வருஷம் தள்ளி யோசியுங்கள்.

ஆக்டிவ் டைரக்டரிக்கு ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவது வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவது மாதிரி. ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003 காலத்தில் ‘டாட் லோக்கல்’ என்று வைக்கச் சொல்லி அதன் விஸார்டே எடுத்துக்கொடுத்தது. நாங்களும் வைத்தோம். பிறகு ஆப்பிள் மெஷின்கள் அலுவலகத்துக்குள் வந்தன. அவை ‘டாட் லோக்கல்’ என்றாலே டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் பக்கத்து மெஷின்களைக் கூப்பிட்டுக் கேட்கும் முறையைப் பயன்படுத்துபவை. 2013இல் அந்த முடிவெழுத்து அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பழைய அலுவலகங்களில் இன்றைக்கும் அதன் தொல்லை இருக்கிறது.

உங்களுக்குச் சொந்தமில்லாத பெயரையும் வைக்காதீர்கள். ‘கார்ப்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பல நிறுவனங்கள் உள் டொமைனாக வைத்துக்கொண்டன. அலுவலகத்துக்கு வெளியே போன லேப்டாப்கள் அந்தப் பெயரைத் தேடி, கார்ப் டாட் காம் என்ற உண்மையான டொமைனின் கதவைத் தட்டத் தொடங்கின. அது வேறொருவர் கையில் இருந்தது. தப்பானவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று 2020இல் மைக்ரோசாஃப்டே அதை வாங்கிக்கொள்ள நேர்ந்தது.

நான் சொல்வது, கம்பெனி ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கும் டொமைனின் கிளை ஒன்றை வையுங்கள். எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எக்ஸாம்பிள் டாட் காம் உங்கள் டொமைன் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஏடி டாட் எக்ஸாம்பிள் டாட் காம். ஆக்டிவ் டைரக்டரி இல்லாத வெறும் உள் நெட்வொர்க்குக்கு, 2024இல் ஐகேன் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ‘டாட் இன்டர்னல்’ கூட இருக்கிறது.

கிளையில்லாமல் எக்ஸாம்பிள் டாட் காம் என்றே உள்ளேயும் வைத்தால் என்ன ஆகும்? வெளி உலகம் முழுக்க உங்கள் வெப்சைட்டைப் பார்க்கும், உங்கள் அலுவலகத்தில் மட்டும் திறக்காது. உள் டிஎன்எஸ் “அந்த டொமைனுக்கு நானே பொறுப்பு, அப்படி ஒரு பெயர் என்னிடம் இல்லை” என்று சொல்லிவிடும். ஏற்கெனவே அப்படி அமைந்துவிட்ட இடத்தில், டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற பெயருக்கு ஓர் ஏ ரெக்கார்டை உள்ளே கையால் சேர்த்துவிடுங்கள். வெப்சைட் இடம் மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காமல் எழுதி வையுங்கள்.

6. மெஷினுக்கு ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வருக்கு எந்தப் பெயரும் இருக்கட்டும். டேலி டேட்டா இருக்கும் இடத்துக்கு ‘டேலி’, ஸ்கேன் செய்த பேப்பர் போகும் இடத்துக்கு ‘ஸ்கேன்’ என்று சிநேம் ரெக்கார்டு ஒன்று சேர்த்து, சிஸ்டங்களில் அந்தப் பெயரையே கொடுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் புது சர்வர் வாங்கும்போது ஒரே ஒரு ரெக்கார்டை மாற்றினால் போதும். எண்ணை நேராகப் போட்டு வைத்திருந்தால் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் உட்கார வேண்டும். அக்கவுண்ட்ஸ் அம்மாவின் எக்செல் ஷீட்டுக்குள் இருக்கும் லிங்க் வரை தேட வேண்டும். நான் முப்பத்திரண்டு சிஸ்டத்துக்கு அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

விண்டோஸ் ஷேர் ஃபோல்டருக்கு இப்படி மாற்றுப்பெயர் வைத்தால் சர்வரிலும் அந்தப் பெயரைக் கூடுதல் பெயராகப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கெர்பராஸ் அதை அடையாளம் காணாது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி வேலையை முடிக்காதீர்கள். அன்றைக்குப் பிரச்சினை தீரும். சர்வர் எண் மாறுகிற அன்றைக்கு அந்த ஒரு சிஸ்டம் மட்டும் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று எவருக்கும் நினைவிருக்காது.

7. பழைய ரெக்கார்டுகளைப் பெருக்கித் துடையுங்கள்.

லேப்டாப்கள் வரும், போகும். பெயர்கள் ஸோனில் அப்படியே கிடக்கும். ஒரே எண்ணுக்கு மூன்று பெயர் இருக்கும். விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் ஸ்கேவெஞ்சிங் என்ற வசதி இதற்குத்தான் இருக்கிறது. அது முதலில் நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கும். ஸோனிலும் சர்வரிலும் இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். 7 நாள், 7 நாள் என்று அது தரும் கணக்கே சின்ன அலுவலகத்துக்குப் போதும். ரிவர்ஸ் ஸோனையும் போட்டு வையுங்கள். ஃபயர்வால் லாகில் எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க உதவும்.

8. லினக்ஸில் பைண்ட் வைத்திருந்தால் புள்ளியையும் சீரியலையும் மறக்காதீர்கள்.

ஸோன் ஃபைலில் முழுப் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் பைண்ட் அதன் பின்னால் டொமைன் பெயரை இன்னொரு முறை ஒட்டிவிடும். மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் எஸ்ஓஏவில் இருக்கும் சீரியல் எண்ணை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இரண்டாவது சர்வர் மாற்றத்தை எடுத்துக்கொள்ளாது. வருஷம், மாதம், தேதி, அன்றைய மாற்ற எண் என்று எழுதும் வழக்கம் நல்லது: 2025061501 போல. ரீலோட் செய்யும் முன் நேம்ட் செக்ஸோன் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். ஃபைலை எழுதிய முறையில் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

9. மெயில் ரெக்கார்டுகளில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

ஏற்றுமதிக்காரருக்கு பையரின் மெயில்தான் வாழ்வு. ஐரோப்பாவில் இருக்கும் பையருக்குப் போன கொட்டேஷன் அவருடைய ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்து ஆர்டரே கைவிட்டுப்போன கதை இந்தப் பக்கம் புதிதல்ல. கம்பெனியின் வெளி டிஎன்எஸ்ஸில் நான்கைப் பாருங்கள்.

எம்எக்ஸ் ரெக்கார்டு ஒரு பெயரைக் காட்ட வேண்டும். எண்ணைக் காட்டக் கூடாது, சிநேம் மாற்றுப்பெயரையும் காட்டக் கூடாது. எஸ்பிஎஃப் ரெக்கார்டு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ஸோஹோவிலிருந்து கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறும்போது பழையதை எடுக்காமல் புதியதைச் சேர்க்கிறார்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஜிஎஸ்டி மென்பொருள், சம்பள மென்பொருள், பல்க் மெயில் என்று ஒவ்வொன்றும் “எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கும். ஆனால் ஒரு எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்கள் வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் அதுவும் செல்லாது. டிகேஐஎம் என்பது மெயிலுக்குப் போடும் கையெழுத்து. டிமார்க் என்பது “கையெழுத்தும் அனுப்பிய இடமும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும்” என்று நீங்கள் உலகத்துக்குச் சொல்லும் குறிப்பு. முதலில் கண்காணிக்க மட்டும் என்று வைத்து, வருகிற அறிக்கைகளைச் சில வாரம் படித்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கேட்டு வாங்குகின்றன. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுமே கட்டாயம்.

மெயில் சர்வரை அலுவலகத்திலேயே வைத்திருந்தால், உங்கள் எண்ணிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டும் வேண்டும். அது இன்டர்நெட் கம்பெனியின் கையில் இருக்கிறது. எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

10. மாற்றம் செய்வதற்கு முந்தைய நாளே டிடிஎல்லைக் குறையுங்கள்.

ஒவ்வொரு ரெக்கார்டோடும் “இந்தப் பதிலை இத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம்” என்ற எண் போகிறது. அது 86400 என்றால் ஒரு நாள் முழுக்க உலகம் பழைய இடத்தையே காட்டும். ஞாயிற்றுக்கிழமை வெப்சைட்டை மாற்றப் போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமையே 300 ஆக்கிவிடுங்கள். வேலை முடிந்து இரண்டு நாள் ஆனதும் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

பலர் அறியாத ஒன்று, இல்லை என்ற பதிலும் நினைவில் நிற்கும். ரெக்கார்டைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஆர்வத்தில் அந்தப் பெயரைக் கேட்டுப் பார்க்காதீர்கள். “இல்லை” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, ரெக்கார்டைச் சேர்த்த பிறகும் உங்கள் டிஎன்எஸ் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். கஸ்டமர் பக்கத்தில் நின்றுகொண்டு “எப்ப வரும்?” என்று கேட்பார்.

11. தேடும்போது வரிசையாகத் தேடுங்கள்.

பதற்றத்தில் நாலு செட்டிங்கை ஒன்றாக மாற்றாதீர்கள். முதலில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்: யாரைக் கேட்கிறது என்று பாருங்கள். அடுத்து என்எஸ்லுக்அப்பில் பெயரைக் கொடுங்கள்: அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அடுத்து அதே பெயரை வேறு சர்வரின் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்றால் பிரச்சினை எந்தப் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதில்லை, பிங் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு எண்ணைச் சொன்னால் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் சிஸ்டத்தின் நினைவில் இருப்பதையும் சந்தேகப்படுங்கள். நினைவை அழிக்க ஃப்ளஷ்டிஎன்எஸ்.

ஃபயர்வாலில் போர்ட் 53க்கு யுடிபி, டிசிபி இரண்டும் சர்வருக்குத் திறந்திருக்க வேண்டும். பெரிய பதில்கள் டிசிபி வழியாக வரும். யுடிபியை மட்டும் திறந்து வைத்த இடங்களில் சில சைட் மட்டும் காரணமே தெரியாமல் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

12. உள் டிஎன்எஸ்ஸை வெளி உலகத்துக்குத் திறக்காதீர்கள்.

கிளை அலுவலகத்துக்குத் தேவை என்று ஃபயர்வாலில் போர்ட் 53ஐ உள்ளே விட்டுவிடுகிறார்கள். யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ்ஸை, இன்னொருவரைத் தாக்கும் ஆயுதமாக மாற்றுவது சுலபம். சின்னக் கேள்வியைப் போலி முகவரியோடு அனுப்பினால் பெரிய பதில் அந்த முகவரிக்குப் போய் விழும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் மேல் நடந்த பெரும் தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த டிஎன்எஸ்களை வைத்துத்தான் நடந்தது. கிளை அலுவலகத்துக்கு விபிஎன் போடுங்கள்.

13. எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. பராமரிப்பு வேலையில் நேர்ந்த தவறால் அவர்களுடைய உள் நெட்வொர்க் துண்டிக்கப்பட, டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகளே இன்டர்நெட்டிலிருந்து மறைந்துவிட்டன. சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்ததால் இன்ஜினியர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. சர்வர், ஃபயர்வால், சுவிட்ச், பிரிண்டர், இரண்டு லைனின் கேட்வே ஆகியவற்றின் எண்களை ஒரு தாளில் அச்சடித்து, சர்வர் ரேக்கின் உள் கதவில் ஒட்டுங்கள். சர்வருக்குள் சேமித்து வைத்த எக்செல் ஷீட் அன்றைக்கு உதவாது.

14. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள்.

இது செட்டிங் இல்லை என்று ஒதுக்காதீர்கள். ஒரு மில்லில் ஒரு நாள் காலையில் மெயிலும் வெப்சைட்டும் சேர்ந்து நின்றன. டொமைன் காலாவதி. எட்டு வருஷத்துக்கு முன் வெப்சைட் செய்துகொடுத்தவர் தன் சொந்த மெயில் ஐடியில், தன் கணக்கில் பதிவு செய்திருந்தார். பிறகு அந்தத் தொழிலை விட்டு ஊரைவிட்டே போய்விட்டார். நினைவூட்டல் மெயில்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கின்றன. அவரைத் தேடிப் பிடித்து, கணக்கை வாங்கி, பணம் கட்டி மீட்க ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் மில்லின் மேனேஜர் ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் செய்து தன் சொந்த ஜிமெயில் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கணக்கு கம்பெனியின் பெயரில் இருக்கட்டும். தொடர்புக்கு இரண்டு பேரின் மெயில் இருக்கட்டும், அதில் ஒன்று அந்த டொமைனைச் சாராததாக இருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள். டாட் காம் போன்ற டொமைன்களில் தொடர்பு மெயிலை மாற்றினால் உறுதி செய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனையே நிறுத்திவைக்க முடியும். அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இன்று மாலை கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் ஏதாவது ஒரு சிஸ்டத்தில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் கொடுத்து, டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியையும் அதன் கீழ் வரியையும் படியுங்கள். அங்கே வெளி எண் ஒன்று இருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே எடுத்துவிடுங்கள்.